நிமிஷத்துக்கு ஆறு மூச்சு

என் வீட்டுக்காரர் பொன்னுராஜ், ராஜபாளையத்து மில் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் ரிங் ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவர். நூல் நூற்கிற மெஷின் எது நின்றாலும் ஸ்பானரோடு ஓடுகிற வேலை. ரிட்டயர் ஆகி எட்டாவது மாசம் ஒருநாள், அதிசயமாக எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. "ஏங்க, நீங்க குடிச்சுப் பாத்தீகளா?" என்றேன். தன் தம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். உப்பைப் போட்டதுகூட எனக்குப் பெரிசில்லை. நாக்குக்கே தெரியவில்லையே என்றுதான் பயந்தேன்.

அதற்கு முன்பே சில்லறைக் கோளாறுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ரேஷன் கடைக்கு மூன்று தரம் போய் மூன்று தரமும் கார்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டபோது எழுந்து நின்று, கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் போதகர் ஐயரைப் பார்த்துச் சிரித்தார். என்னை ஒருநாள் "ஜாஸ்மின்" என்று கூப்பிட்டார். ஜாஸ்மின் என் தங்கச்சி. என்னைக் கூப்பிடுகிற குரலைவிட அந்தக் குரல் இனிப்பாக வேறு இருந்தது. இதையெல்லாம் நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. பரிபூரணம் என்று பேர் வைத்தார்களே தவிர, பொறுமையில் ஒரு கால்வாசிகூடக் கிடையாது எனக்கு. கத்துவேன். அவர் சிரிப்பார். சிரிக்கும்போது கண்ணைப் பார்த்தால் பயந்துபோய் இருப்பது தெரியும்.

பயத்துக்குக் காரணம் என் மாமனார். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு நான்தான் சோறு ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும், "நீ யாரு தாயி, எந்த ஊரு?" என்று கேட்பார். பெற்ற மகனைப் பார்த்து, "இந்தத் தம்பி எப்பவும் இங்கயே நிக்கே, இதுக்கு வீடு இல்லையா?" என்பார். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று பொன்னுராஜ் என்னிடம் சொன்னார்: "ஏட்டி பூரணம், எனக்கு இது வந்தா எங்கிட்டச் சொல்லிராத. டாக்டர்ட்டயும் கூட்டிட்டுப் போவாத. தெரியாமலே போயிருதேன்."

சொல்லுகிறவருக்கு என்ன, சொல்லிவிடுவார். 'நீ யாரு தாயி' என்ற கேள்வியை மறுபடியும் ஒரு தரம், அதுவும் இந்த மனுஷன் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பு இல்லை. உண்மையைச் சொன்னால் அதுதான் விஷயம். மற்றதெல்லாம் நான் போட்ட சத்தம்.

எதிர்வீட்டுப் பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அவன்தான் ஒருநாள் வந்து சொன்னான்: "அத்தே, எங்க டாக்டரம்மா ஆராய்ச்சி பண்ணுதாக. அம்பத்தஞ்சுலருந்து அறுபத்தஞ்சு வயசு ஆம்பளைய வேணுமாம். மூச்சு விடச் சொல்லி மூளைய ஸ்கேன் எடுக்காக. காசு பணம் ஒண்ணும் கிடையாது."

"மூளைக்குன்னு சொல்லாத. அவிய ஓடிருவாக" என்றேன். அவரிடம் போய், "மில்லு தூசியில கெடந்த நெஞ்சுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்காகளாம்" என்று ஒரு பொய்யைப் போட்டேன். கர்த்தர் மன்னிக்கட்டும். அங்கே போய்ச் சேரும்வரை நம்பினார்.

டாக்டரம்மா பேர் வேதா. கோயில் தெருக்காரப் பெண், முப்பத்தைந்து வயசு இருக்கும். நெற்றியில் ஒற்றைக் கோடாகச் சிவப்புத் திருச்சூரணம், கையில் ஒரு பேனா, அதை ஒரு நிமிஷம் சும்மா வைக்கத் தெரியாது. உட்கார்ந்ததும் என் பொய்யை உடைத்துப் போட்டுவிட்டார். "இது மூளையைப் பற்றின ஆராய்ச்சி சார்."

பொன்னுராஜ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"மூளையைச் சுற்றி ஒரு தண்ணி இருக்கு சார். அது மூளைக்குள்ளயும் போய் வரும். பகல் முழுக்க மூளை வேலை செஞ்ச கழிவை அதுதான் கழுவிட்டுப் போகுதுன்னு நினைக்கிறோம். அந்தத் தண்ணியைத் தள்ளுறதுல மூச்சுக்கும் பங்கு உண்டு. மெதுவா ஆழமா இழுத்தா அதிகமா ஓடலாம். காதுல ஒரு நரம்பு இருக்கு, அதுல லேசா கரண்ட் குடுத்தா அதுவும் உதவலாம். எலிகள்ல பாத்திருக்காங்க. மனுஷங்க கிட்ட இன்னும் உறுதியாத் தெரியாது."

"ஓடலாம், உதவலாம், தெரியாது" என்று நான் முணுமுணுத்தேன். "எங்க சந்தையில இப்படிச் சொன்னா ஒரு கத்தரிக்கா விக்காது டாக்டரம்மா."

அந்தப் பெண் கோபப்படாமல் சிரித்தார். "எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொன்னா விக்கும்தான்" என்றார். சரி, வாயுள்ள பிள்ளை என்று எனக்குப் பிடித்துப்போனது.

என் வீட்டுக்காரர் முகம் அதற்குள் மாறியிருந்தது. மெஷின் பேச்சு வந்துவிட்டால் அவருக்குப் பயம் கியம் எல்லாம் மறந்துவிடும். "அப்ப மண்டைக்குள்ளயும் நியூமாஃபில் இருக்குன்னு சொல்லுங்க" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவர் பேனாவை வாங்கிப் படம் போட ஆரம்பித்துவிட்டார். ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்தால் பஞ்சு பறக்காமல் அடியில் ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளுமாம். அது ஒரு பெட்டியில் போய்ச் சேருமாம். "அந்தப் பெட்டியக் காலி பண்ணிக்கிட்டே இருக்கணும். விட்டா உறிஞ்சாது, மெஷினுக்கு மூக்கடைச்சுக்கிரும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், ஆனா நூலு குப்பையா வரும்."

"பெட்டியை எப்ப சார் காலி பண்ணுவீங்க?"

"ஷிஃப்ட் முடியும்போது கண்டிப்பா பண்ணணும்."

"மூளைக்கு அது பெரும்பாலும் தூக்கத்துலதான்னு சொல்றாங்க. அதுலயும் சண்டை நடக்குது" என்றார் டாக்டரம்மா. இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குள் எங்கள் சர்ச் கமிட்டியைவிடச் சண்டை அதிகம் போலிருக்கிறது.

பிறகு ஒரு பரீட்சை வைத்தார். தேங்காய், ரயில், கண்ணாடி, ஆறு, செருப்பு என்று ஐந்து சொல் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரர் "தேங்காய்" என்றார். "செருப்பு" என்றார். பிறகு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சட்னி" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை மூடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி விழுந்த மாதிரி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. "இரண்டு வாரம் வீட்ல பழகுங்க. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. அப்புறம் ஸ்கேன்" என்று சொல்லி, இடது காதில் மாட்ட ஒரு கிளிப்பும், அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு கரண்ட் பெட்டியும் கொடுத்தார்.

அந்த இரண்டு வாரம் எங்கள் தெருவுக்கே பொழுதுபோக்கு. காலையில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, காதில் கிளிப்பை மாட்டி, கண்ணை மூடிக்கொள்வார். "ஒத்தைக் காதுல கம்மல் போட்டிருக்காரே, பூரணம் இன்னொண்ண வித்துட்டாளா?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் கையில் கடிகாரத்தோடு எண்ணுவேன். மூச்சை இழுத்து விட்டு ஒழுங்காகத்தான் போவார். மூன்று நிமிஷம் ஆனதும் திடீரென்று வாயை இறுக்கி மூடி, கண்ணைச் சுருக்கி, மூச்சையே நிறுத்திக்கொள்வார். ஒன்று, இரண்டு என்று ஏழு எண்ணினால் மறுபடி இழுப்பார். மறுபடி மூன்று நிமிஷம், மறுபடி நிறுத்தம்.

"ஏங்க, ஏன் மூச்சப் பிடிக்கீக?"

"யாரு? நானா?"

செய்ததே தெரியவில்லையே! அவருக்குத் தெரியாமல் அதையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன், டாக்டரம்மாவிடம் கொடுக்க. பெண்டாட்டி கணக்கெடுப்பதைவிடப் பெரிய ஸ்கேன் உலகத்தில் கிடையாது.

ஸ்கேன் நாள் வந்தது. பாண்டிதுரை என் வீட்டுக்காரருக்குப் பச்சை கவுன் மாட்டிவிட்டு, நெஞ்சில் ஒரு பெல்ட் கட்டினான், மூச்சு எப்படிப் போகிறதென்று பார்க்க. காதுக்குக் கிளிப், தலைக்கு மேல் ஒரு கூண்டு, கையில் அழுத்துகிற ரப்பர் உருண்டை. "பயமா இருந்தா அமுக்குங்க மாமா. சத்தம் காட்டுத்தனமா இருக்கும். முக்காமணி நேரம். ஹெட்ஃபோன்ல சொல்லச் சொல்ல மூச்ச இழுத்து விடணும். தூங்கிரக் கூடாது" என்றான்.

"இதுவரைக்கும் பன்னெண்டு பேரை எடுத்தோம், நாலு பேர் பாதியிலேயே அமுக்கிட்டாங்க" என்றார் டாக்டரம்மா என்னிடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மெஷின் ஆரம்பித்தது. அம்மாடி! கண்ணாடியைத் தாண்டியும் டமடம, கிர்கிர், தடதட என்று தரையெல்லாம் அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். டாக்டரம்மா மைக்கில், "மெதுவா இழுங்க... மெதுவா விடுங்க" என்றார். முதல் ஐந்து நிமிஷம் இழுத்தார், விட்டார். அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்தது. பாண்டிதுரை மெஷினில்தான் கோளாறு என்று பதறி எழுந்தான்.

எனக்குத் தெரியும் அது என்ன என்று. முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? குறட்டை. அந்தக் குறட்டையைக் கேட்டு எட்டு மாசம் ஆயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார்! பொன்னுராஜ் சார்! தூங்கக் கூடாது!" என்று டாக்டரம்மா மைக்கில் கத்தினார். எங்கே? ஆடி மாசக் காற்றில் தென்னை ஓலை அசைகிற மாதிரி அவர் பாட்டுக்குக் கர்புர் என்று போய்க்கொண்டிருந்தார். மெஷின் நின்றதும்தான் தூக்கம் கலைந்தது. படாரென்று எழப்போய்க் கூண்டில் நெற்றியை இடித்துக்கொண்டு, "எந்த ஃப்ரேம் நின்னுச்சு?" என்று கேட்டார்.

எனக்கு மானம் போயிற்று. வெளியே வந்ததும், "ஊரெல்லாம் பயந்து ஓடுத மெஷினுக்குள்ள போய்த் தூங்கியிருக்கீகளே, வெக்கமா இல்ல? அந்தப் புள்ள ஆராய்ச்சியே பாழாப்போச்சு" என்று பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். கன்னத்தில் ரத்தம் ஓடியிருந்தது. கண் தெளிந்திருந்தது. எத்தனையோ நாள் கழித்து என் வீட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் பெல்ட்டின் கோடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். "இங்க பாருங்க, மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சை நிறுத்துறார். அப்புறம் ஆழ்ந்து தூங்கினதும் அதுவும் நின்னுபோச்சு. ஏன் சார் நிறுத்துறீங்க?"

நான் என் தாளை நீட்டினேன். இரண்டும் பொருந்தின. என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார், யோசித்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ப்ளோயருல்லா!" என்றார். மில்லில் மெஷினுக்கு மேலே தண்டவாளத்தில் காற்று ஊதுகிற ஒரு ப்ளோயர் போய் வந்துகொண்டே இருக்குமாம். அது தலைக்கு மேல் வரும்போது பஞ்சுத் தூசியை மூஞ்சியில் கொட்டிவிட்டுப் போகும். அப்போது எல்லாரும் கண்ணையும் வாயையும் மூடி மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம். "அது மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா வரும். வேலைய விட்டு வந்தாலும் அது என்னை விடல போல."

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பிடித்த மூச்சும் இருக்காது போலிருக்கிறது.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "சார், நீங்க கடைசியா நல்லாத் தூங்கினது எப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். நான், "நல்லாத்தான் தூங்குதாக, ஒம்பதரைக்கெல்லாம் படுத்துருவாக" என்றேன்.

"ரிட்டயர் ஆன அன்னைக்கு முந்தின நாளு" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு டாக்டரம்மாவிடம் சொன்னார். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பகல்லதான் படுப்பேன். இவ பக்கத்துலயே பவர் மெஷின்ல தளவாய்புரத்துக் கம்பெனிக்கு நைட்டி தைப்பா. தடதடன்னு கட்டில் அதிரும். அம்மா மடி மாதிரி தூக்கம் வரும். ரிட்டயர் ஆனதும் இவ என்ன செஞ்சா தெரியுமா? பாவம், முப்பத்தி நாலு வருஷம் சத்தத்துல கெடந்த மனுசன், இனியாவது அமைதியாத் தூங்கட்டும்னு அந்த மெஷினையே தூக்கிக் குடுத்துட்டா. செவுத்துக் கடியாரத்துல பேட்டரியக் கழட்டுனா. சத்தமில்லாத ஃபேன் வாங்கி மாட்டுனா. பால்காரன் பெல் அடிக்கக் கூடாதுன்னுட்டா. படுத்தா காதுக்குள்ள ஙொய்னு கேக்கும், அம்புட்டு அமைதி. எந்த ஃப்ரேம் நின்னுபோச்சுன்னு தெரியாம மனசு முழிச்சுக்கிட்டே கெடக்கும். எனக்காக இம்புட்டுப் பண்ணுனவட்ட, தூக்கம் வரலன்னு எப்படிச் சொல்ல? கண்ண மூடிப் படுத்துக்கிடுவேன்."

"எட்டு மாசமா?" என்றார் டாக்டரம்மா.

"எட்டு மாசமா."

எனக்கு அந்த ஸ்டூல் அப்படியே பூமிக்குள் போய்விடாதா என்றிருந்தது. மறதிக்குப் பயந்து கர்த்தரிடம் அழுதவள் நான். அவர் தூக்கத்தைப் பிடுங்கினவளும் நானேதான். அதிலும் பால்காரனிடம் எவ்வளவு சண்டை போட்டேன்!

"இதனாலதான் எல்லாம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "உங்க அப்பாவுக்கு இருந்ததுன்னு ஃபார்ம்ல வேற எழுதியிருக்கு. ஆனா எட்டு மாசம் பெட்டியைக் காலி பண்ணாம மெஷினை ஓட்டியிருக்கீங்க. முதல்ல தூங்குங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடி அந்தப் பரீட்சை. அப்பவும் சரியில்லன்னா மத்ததைப் பாப்போம்."

ஆறு வாரம். மறுநாளே செல்போனில் மில் சத்தம் தேடிப் பிடித்துத் தலைமாட்டில் வைத்தேன். "இது என்னட்டி, கொசு கத்துது?" என்றார். காதுக்குக் கேட்டால் போதாது, கட்டில் கால் அதிர வேண்டும். அடுத்த பஸ்ஸில் வன்னியம்பட்டிக்குப் போனேன். என் மெஷினைக் கொடுத்தது அங்கே தையல் வேலை பார்க்கிற சுடலையம்மாளுக்குத்தான்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற கேவலம் இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. காப்பி குடித்து, பிள்ளைகளை விசாரித்து, மழையை விசாரித்து, ஒருவழியாகச் சொன்னேன். "என் வீட்டுக்காரரு தூங்க மாட்டேங்காக, மெஷின் வேணும்."

சுடலையம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏக்கா, புருசன் தூங்கலன்னா பால்ல மிளகு போட்டுக் குடுப்பாக. தையல் மெஷினா குடுப்பாக?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நல்லவள். அவளுக்குப் புதிதாகச் சத்தமில்லாத மெஷின் வந்துவிட்டதாம், என்னுடையது கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. குட்டியானை வேனில் ஏற்றி அனுப்பிவைத்தாள்.

அன்று ராத்திரி அவர் படுத்ததும், "தளவாய்புரத்துல அவசர ஆர்டராம்" என்று சொல்லி மெஷினில் உட்கார்ந்தேன். மோட்டாரைப் போட்டு மிதித்தேன். மூன்று நைட்டி முடிவதற்குள் கர்புர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. நான் காலை எடுத்தால் அவர் கண்ணைத் திறந்துவிடுவார். மெஷின் நின்றால் எழுந்திருக்கிற உடம்பு அது. ஆழ்ந்து போகிற வரைக்கும், அதாவது ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணி வரைக்கும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு நல்ல தண்ணீர் வந்துவிடும், பிடிக்க நான் எழுந்தாக வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆர்டர் தீர்ந்துவிட்டது. தைக்கத் துணி இல்லை. துணி இல்லையென்று தூக்கத்தை நிறுத்த முடியுமா? ஊசியில் நூல்கூடக் கோக்காமல் சும்மா மிதித்தேன். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "கொள்ளை ஆர்டர்" என்றேன். காலையில் சேரில் உட்கார்ந்து அவர் ஆறு மூச்சு விடும்போது எதிரே நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவேன். "நீயும் மூச்சுப் பயிற்சி பண்ணுதியா?" என்று கிண்டல் பண்ணுவார்.

அவருக்கு ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது. சர்ச்சில் வாசித்தார், பக்கம் புரட்டத் தடுமாறவில்லை. டீயில் சர்க்கரை, அதுவும் அளவாக. நான் ஒவ்வொன்றையும் விரலை மடக்கி எண்ணினேன்.

ஆறு வாரம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டாக்டரம்மா புதிதாக ஐந்து சொல் சொன்னார். குடை, மாம்பழம், தபால், ஏணி, மூக்குத்தி. வேறு பேச்சுப் பேசினார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டார்.

"குடை, மாம்பழம், தபால், ஏணி" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணாந்து மோட்டுவளையைப் பார்த்தார். "மூக்குத்தி."

எனக்கு அங்கேயே எழுந்து ஸ்தோத்திரம் சொல்லலாம் போலிருந்தது. "மூச்சாலயா டாக்டரம்மா, கரண்டாலயா, தூக்கத்தாலயா?" என்று கேட்டேன்.

"தூக்கமா இருக்கலாம். மூச்சும் உதவியிருக்கலாம்" என்று ஆரம்பித்தவர், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். "வருஷா வருஷம் வந்து பாத்துக்கணும். அது மட்டும் நிச்சயம்." அப்புறம் விளையாட்டுக்குத்தான் கேட்டார்: "அம்மா, நீங்களும்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நீங்க சொல்லுங்க பாப்போம்."

இது ஒரு பெரிய விஷயமா என்று வாயைத் திறந்தேன். "குடை" என்றேன். அடுத்தது வரவில்லை. அவர் இப்போதுதான், என் காது கேட்கச் சொன்னார். உதட்டு நுனியில் நிற்கிற மாதிரி இருக்கிறது, இழுத்தால் வெறும் நூல்தான் வருகிறது. "குடை..." என்றேன் மறுபடியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? என் வீட்டுக்காரருக்காகப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா" என்றார் பொன்னுராஜ். "ஆறு வாரமா இவ தூங்கல. ராத்திரி மெஷின் மிதிக்கா. ஒரு மாசமா ஊசியில நூலுகூட இல்ல."

நான் திரும்பினேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தி நாலு வருஷம் மெஷின் பாத்தவன்ட்ட கேக்கியே. துணி ஓடுத சத்தம் வேற, வெத்து ஊசி சத்தம் வேற."

"தெரிஞ்சா நிறுத்துன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும் நெனப்பேன். அதுக்குள்ள தூக்கம் வந்துரும்" என்றார் பாவமாக.

டாக்டரம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஆராய்ச்சிக்கூடமாயிற்றே என்று பார்த்தேன். கடைசியில் மோட்டாரைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் யாரும் மிதிக்க வேண்டியதில்லை என்று பாண்டிதுரை ஒரு யோசனை சொன்னான். ஆறு வாரம் எதிர்வீட்டில் இருந்தவன், இதை ஆறாவது வாரம்தான் சொல்லுகிறான்!

திரும்பும்போது எங்கள் ராஜபாளையம் வழியாகப் போகிற தென்காசி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தோம். பஸ் கிளம்பும்வரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது மூக்கில் எலுமிச்சம்பழ வாசனை. ஜன்னலுக்கு வெளியே மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைப் பலகையைப் படித்தேன். புளியங்குடி. ராஜபாளையம் தாண்டி, சேத்தூர் தாண்டி, சிவகிரி தாண்டி, மாவட்டமே தாண்டியாயிற்று. என் தலை அவர் தோளில் கிடந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

போச்சு என்று நினைத்தேன். ஐந்து சொல்லைச் சொன்னது ஒரு தற்செயல். முப்பது வருஷம் இறங்கின ஊரை மறந்துவிட்டார். கர்த்தரே, இது ஆரம்பித்தேவிட்டது. அவர் கையைப் பிடித்து, "ஏங்க, இறங்க மறந்துட்டீகளா?" என்றேன். என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

அவர் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு டிக்கெட். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்கு, ராஜபாளையத்தில் வைத்தே வாங்கியது.

"மறக்கல. நீ தூங்குன" என்றார்.

நான் அந்த டிக்கெட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். தோள் மரத்துப்போயிருக்கும் போல, மெதுவாக அசைத்துக்கொண்டார்.

"இங்க இறங்கி எதிர் பஸ்ஸப் பிடிப்பமா?" என்று கேட்டேன்.

"தென்காசிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றார். நான் மறுபடியும் சாய்ந்துகொண்டேன்.